வான் அளந்த கதை – 9: எல்லைக்கல் நட்டவர்கள்

சென்ற இதழில் டாலமியை அலெக்சாண்டிரியாவில் விட்டுவிட்டு வந்தோம். கி.பி. 150 வாக்கில் அவர் எழுதி முடித்த ‘அல்மஜெஸ்ட்’ நூலில் 1,022 விண்மீன்கள் 48 மண்டலங்களில் வரிசையாக இடம்பெற்றிருந்தன. 964-இல் பாரசீகத்தின் அல்-சூஃபி அந்தப் பட்டியலைத் தம் கண்ணால் சரிபார்த்து அரபியில் எழுதினார். பின்னர் அது லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அந்த 48-ஐ யாரும் பெரிதாக அசைக்கவில்லை.

ஆனால் பட்டியலைக் கூர்ந்து படிப்பவரை ஒரு விஷயம் உறுத்தும். பெருங்கரடிக்குரிய மீன்கள் முடிந்ததும், கரடியின் உருவத்தில் சேராதவை என்று சில மீன்கள் தனியே வரும். சிங்கத்துக்கும் அப்படி, காளைக்கும் அப்படி. டாலமிக்கு மண்டலம் என்பது ஓர் உருவம். தலை, தோள், கால், வால் என்று ஏதாவது ஓர் உறுப்பில் பொருந்திய மீன் உள்ளே, பொருந்தாதது வெளியே. மீனுக்குப் பெயரும் அப்படித்தான்: வாலின் நுனியில் இருப்பது, வலது முழங்காலில் இருப்பது. படியெடுப்பவர் கரடியின் காலைச் சற்று மடக்கி வரைந்துவிட்டால் மீனின் முகவரி மாறிவிடும்.

நிலக்கணக்கு மொழியில் சொன்னால், டாலமியின் வானத்தில் 48 பட்டா நிலங்கள் இருந்தன, மிச்சமெல்லாம் புறம்போக்கு. இன்றைய வானத்தில் ஒரு சென்ட் புறம்போக்குகூடக் கிடையாது. 41,253 சதுர பாகை வானமும் 88 மண்டலங்களாக, இடைவெளியில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிக்கப்பட்டுவிட்டது. இன்றைய வானியலாளருக்கு மண்டலம் என்பது விண்மீன்களின் கூட்டமும் அல்ல, அவற்றை இணைத்துப் போட்ட கோட்டுப்படமும் அல்ல. அது நான்கு புறமும் எல்லை குறிக்கப்பட்ட வானத்துண்டு. படம் நிலமாக மாறியதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஒரு மாலுமி, ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு பெல்ஜிய வானியலாளர் என்று பலர் கைவைத்த வேலை அது. நடுவில் நுங்கம்பாக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

*

அலெக்சாண்டிரியாவின் தெற்கு அடிவானத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது டாலமிக்குத் தெரிய வழியில்லை. ஐரோப்பியக் கப்பல்கள் நிலநடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் தெற்கு வானம் அவர்களுக்கு ஓர் அவசரமாகிப்போனது. வடக்கே துருவ மீனைப் பார்த்துத் திசை பிடித்துப் பழகியவர்களுக்குத் தெற்கே அப்படி ஒரு பிரகாசமான மீன் கிடைக்கவில்லை. மிளகும் சாதிக்காயும் வாங்கப் போகிறவர்களுக்கு விண்மீன் பட்டியல் ஒரு வணிகத் தேவை.

1595-இல் நான்கு டச்சுக் கப்பல்கள் கிழக்கிந்தியத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் வரைபடம் தயாரித்துவந்த பெட்ரஸ் பிளான்சியஸ், தலைமை வழிகாட்டியான பீட்டர் கெய்சருக்கு விண்மீன் அளக்கப் பயிற்சி கொடுத்து, தெற்கு வானத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பயணம் படுமோசம். போனவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் ஊர் திரும்பினார்கள். கெய்சர் 1596-இல் ஜாவாவின் பான்டன் துறைமுகத்தில் இறந்துபோனார். ஆனால் அவர் எடுத்த குறிப்புகள் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தன. அதிலிருந்து பிளான்சியஸ் 12 புதிய மண்டலங்களை உருவாக்கித் தமது வானக்கோளத்தில் பொறித்தார்: மயில், டூக்கன், பச்சோந்தி, பறக்கும் மீன், ஈ, கொக்கு, சொர்க்கப்பறவை என்று பெரும்பாலும் கப்பல்காரர்கள் வழியில் கண்ட உயிரினங்கள். கிரேக்கப் புராணத்துக்கு இங்கே வேலையில்லை.

அதே பயணத்தில் இருந்த இன்னொருவர் ஃபிரெடரிக் டி ஹௌட்மன். அடுத்த பயணத்தில் அவர் சுமாத்திராவின் ஆச்சேயில் சிறைப்பட்டார். சிறையில் இருந்த காலத்தில் மலாய் மொழி கற்றார். தெற்கு விண்மீன்களையும் தொடர்ந்து அளந்தார். நாடு திரும்பி 1603-இல் அவர் வெளியிட்டது ஒரு மலாய் அகராதி. அதன் பின்னிணைப்பாகச் சுமார் 300 விண்மீன்களின் பட்டியல் வந்தது. அகராதி வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கங்களைப் புரட்டியிருப்பார்களோ!

அதே 1603-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோகான் பேயர் என்ற வழக்கறிஞர் ‘யுரானோமெட்ரியா’ என்ற வானப்படநூலை வெளியிட்டார். மொத்தம் 51 படங்கள். டாலமியின் 48-க்கும் ஒவ்வொரு படம், டச்சு மாலுமிகளின் 12 மண்டலங்களுக்கும் சேர்த்து ஒன்று, கடைசியில் வானம் முழுவதற்குமாக இரண்டு. படங்களின் அழகு ஒருபுறம் இருக்க, பேயர் செய்த ஒரு சின்ன ஏற்பாடுதான் அவர் பெயரை இன்றுவரை நிலைக்கவைத்தது. முழங்கால், தோள் என்று உறுப்புச் சொல்லிப் பெயரிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மண்டலத்திலும் மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளைக் கொடுத்தார்: ஆல்ஃபா, பீட்டா, காமா. 24 எழுத்தும் தீர்ந்த பிறகு லத்தீன் எழுத்துகள்.

பிரகாசத்தில் முதலாவது ஆல்ஃபா, இரண்டாவது பீட்டா என்று பாடப்புத்தகங்கள் சொல்வதுண்டு. அவ்வளவு நேர்த்தி பேயரிடம் இல்லை. மீன்களைப் பழைய முறைப்படி முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துக்கொண்டு, ஒரே தரத்துக்குள் வசதிப்படி எழுத்துப் போட்டார். ஓரியனில் நமது திருவாதிரை மீனுக்கு ஆல்ஃபா கிடைத்தது. வழக்கமாக அதைவிடப் பிரகாசமாக இருக்கும் ரைகலுக்குப் பீட்டாதான். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களுக்கோ ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஆல்ஃபா முதல் ஈட்டா என்று இட வரிசையில் எழுத்துப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

திருவாதிரை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரேக்கர்கள் ஒரே வேடனாகக் கண்ட ஓரியனை நம் மரபு அப்படிக் காணவில்லை. அந்த வேடனின் தலையில் உள்ள மூன்று மங்கலான மீன்கள் நமக்கு மிருகசீரிடம். தோள் தனியாகத் திருவாதிரை. நிலவு தினம் ஒன்றாகக் கடந்துபோகும் 27 இடங்களைக் குறிப்பதே நம் மரபின் கணக்கு. அதனால் நிலவின் பாதையை ஒட்டி அடையாளம் தேடினார்கள். உருவம் முழுமையாக இருக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. சீனர்களோ 280-க்கும் மேற்பட்ட சிறுசிறு கூட்டங்களாக வானத்தைப் பிரித்து, அதில் ஓர் அரசவையையே குடியேற்றினார்கள். வானம் எல்லோருக்கும் ஒன்றுதான். பங்குபோட்ட விதம்தான் வேறு.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் நிக்கோலா-லூயி டி லகாய். பிரெஞ்சு மதகுரு. கணிதத்தில் வெறிபிடித்தவர் என்று சொன்னாலும் தகும். 1751 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையில், இன்றைய கேப்டவுனில் இறங்கினார். அங்கே ஒரு சிறு வான்ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டு, மகரரேகையிலிருந்து தென்துருவம்வரை உள்ள வானத்தைத் துழாவ ஆரம்பித்தார். ஓராண்டுக்குள் அவர் இடம் குறித்த விண்மீன்கள் ஏறத்தாழ 10,000.

அந்தப் பத்தாயிரத்தையும் பார்த்த தொலைநோக்கியின் முகப்புக் கண்ணாடி அரை அங்குல அகலம். 8 மடங்குதான் பெரிதாக்கும். இன்று பறவை பார்க்கப் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பைனாகுலர்கூட அதைவிட மேல். அப்படியானால் இத்தனை மீன்களை எப்படி அளந்தார்?

வேலையை முடித்துக்கொடுத்தது கண்ணாடி அல்ல, குழலுக்குள் பொருத்தியிருந்த ஓர் உலோகச் சட்டம். சாய்சதுர வடிவம். தொலைநோக்கியை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அசையாமல் நிறுத்திவைத்துவிடுவார். பூமி சுழல, மீன்கள் ஒவ்வொன்றாகப் பார்வைப்புலத்துக்குள் ஊர்ந்து வரும். மீன் சட்டத்தின் ஒரு பக்க விளிம்பைத் தாண்டி உள்ளே வரும் நொடியைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்வார். மறுபக்க விளிம்பில் வெளியேறும் நொடியையும் குறிப்பார். இரண்டுக்கும் நடுவேளை, மீன் கிழக்கு-மேற்காக எங்கே இருக்கிறது என்பதைத் தரும். உள்ளே இருந்த நேரம் எவ்வளவு என்பது, அது சட்டத்தின் அகன்ற நடுப்பகுதியில் கடந்ததா, குறுகிய முனைப் பக்கம் கடந்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து வடக்கு-தெற்கு கிடைத்துவிடும். மேல்முனையா கீழ்முனையா என்பதை மட்டும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு சட்டம், ஒரு கடிகாரம், தூங்காத ஒரு மனிதர். இரண்டு எண்களில் மீனின் இடம் முடிந்தது.

அளந்த மீன்களுக்கு ஊர் வேண்டுமே. டச்சுக்காரர்கள் விட்டுவைத்த இடைவெளிகளில் லகாய் 14 புதிய மண்டலங்களை உருவாக்கினார். மயிலும் மீனும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அறிவொளிக் காலத்துப் பிரெஞ்சுக்காரர். கருவிகளை வானத்தில் ஏற்றினார். நுண்ணோக்கி, தொலைநோக்கி, ஊசல் கடிகாரம், காற்றிறைக்கும் பம்பு, ரசாயன உலை, காம்பஸ், கப்பலின் திசைகாட்டி, ஓவியரின் சட்டம், செதுக்கும் உளி. தமக்கு உழைத்த அந்தச் சாய்சதுரச் சட்டத்தையும் மறக்கவில்லை. அதற்கும் ஒரு மண்டலம். அதுதான் ரெட்டிகுலம். ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஐசக் ஹாப்ரெக்ட் என்பவர் ஏற்கெனவே அந்த இடத்தில் ஒரு சாய்சதுரத்தை வரைந்திருந்தார். லகாய் அந்த வடிவத்துக்குத் தம் கருவியைக் கொடுத்தார்.

பதினான்கில் ஒன்றே ஒன்று கருவி அல்ல. கேப்டவுனுக்குப் பின்னால் மேசைபோல் தட்டையாக நிற்கும் டேபிள் மலை. அதன் தலையில் அடிக்கடி ஒரு வெண்மேகம் படிந்திருக்கும். வானத்திலும் தெற்கே பெரிய மெகல்லன் மேகம் என்ற மங்கிய ஒளித்திட்டு உண்டு. அதற்குக் கீழே மலையை வைத்துவிட்டார் லகாய்: மென்சா. பூமியில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயரைத் தாங்கிய மண்டலம் இது ஒன்றுதான். நன்றிக்கடன் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மண்டலத்தில் ஐந்தாம் தரத்தை எட்டும் மீன் ஒன்றுகூட இல்லை. நகரத்து வானத்தில் மென்சாவைப் பார்க்கப்போனால் வெறும் இருட்டுதான். உண்மையைச் சொன்னால் லகாயின் மண்டலங்கள் எவையும் அவற்றின் பெயரைப்போல இல்லை. நாலைந்து மங்கல் மீன்களை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியை யாரால் காண முடியும்? அதனால்தான் எனக்கு அவை முக்கியமாகப் படுகின்றன. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்த காலம் போய், இடத்தை அளந்து பெயர் ஒட்டும் காலம் வந்துவிட்டதற்கு முதல் அடையாளம் அவை.

லகாய் இன்னொரு காரியமும் செய்தார். டாலமியின் 48-இல் ‘ஆர்கோ’ என்ற கப்பல் அளவுக்குமீறிப் பெரியது. அதை அடிமரம், பின்தளம், பாய் என்று மூன்றாகப் பிரித்தார். எழுத்துகளை மட்டும் முழுக் கப்பலுக்கும் ஒரே வரிசையாக வைத்துக்கொண்டார். விளைவு இன்றும் தொடர்கிறது: நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்லும் கனோபஸ் அடிமரத்தின் ஆல்ஃபா, பாய்க்கு ஆல்ஃபாவும் இல்லை, பீட்டாவும் இல்லை, காமாவில்தான் தொடங்கும். பின்தளத்துக்கு அதுவும் இல்லாமல் ஸீட்டாவில் ஆரம்பம். பாகப்பிரிவினையில் பத்திரம் மட்டும் பழையபடி நின்றுவிட்டது.

லகாய் 1762-இல், 49 வயது நிறையும் முன்பே காலமானார். அவருடைய அளவீடுகள் முழுமையாகக் கணக்கிடப்பட்டு அச்சேறியது 1847-இல்.

*

அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் இல்லை. ஆளாளுக்கு மண்டலம் உருவாக்கினார்கள். லகாய்க்கு முன்பே எட்மண்ட் ஹாலி தம் மன்னர் பெயரில் ஓர் ஓக் மரத்தை நட்டிருந்தார். பாரிஸின் லலாந்துக்குப் பூனை பிடிக்கும். வானத்தில் பூனை ஏறியது. வெப்பக்காற்றுப் பலூன், அச்சகம், மின்பொறி எல்லாம் வந்தன. 1801-இல் பெர்லினின் யோகான் போடே வெளியிட்ட படநூலில் நூற்றுக்கும் மேற்பட்ட மண்டலங்கள். எல்லைகள் வளைந்து நெளிந்து, படத்துக்குப் படம் வேறாக ஓடின. ஒரே மீனை இரண்டு மண்டலங்கள் சொந்தம் கொண்டாடின. பேயரே பெகாசஸ் குதிரையின் டெல்டா என்று குறித்த மீன்தான் ஆண்ட்ரோமெடாவின் ஆல்ஃபாவும்.

இந்தக் குழப்பம் அழகுணர்ச்சியைப் பொறுத்த விஷயமாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. கவலை வந்தது மாறொளி மீன்களால்.

ஒளி கூடிக் குறையும் விண்மீன்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுக்குத் தனிப்பெயர் வேண்டும். பான் நகரின் ஃபிரெட்ரிக் ஆர்கலாண்டர் ஒரு வழி சொன்னார். பேயர் எந்த மண்டலத்திலும் ‘கியூ’ எழுத்தைத் தாண்டிப் போகவில்லை. அதனால் மண்டலத்துக்கு மண்டலம் முதல் மாறொளி மீன் ‘ஆர்’, அடுத்தது ‘எஸ்’, இப்படி ‘இஸட்’ வரை. ஒரு மண்டலத்தில் ஒன்பதுக்கு மேல் இத்தகைய மீன்கள் இராது என்ற எண்ணம் போலும். எழுத்துகள் சீக்கிரமே தீர்ந்துபோய், இரட்டை எழுத்து, பிறகு எண் என்று நீட்டவேண்டி வந்தது. ஏற்பாட்டின் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. மீனின் பெயரிலேயே மண்டலம் இருக்கிறது. மண்டலத்தின் எல்லையோ யாருக்கும் நிச்சயமில்லை. எல்லை நகர்ந்தால் பெயர் பொய்யாகிவிடும்.

1867 ஜனவரியில் அப்படி ஒரு பெயர் சென்னையிலிருந்து எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டப்பட்ட சென்னை வான்ஆய்வகத்தின் அரசு வானியலாளராக அப்போது இருந்தவர் நார்மன் போக்சன். அவருடைய இந்திய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி. ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு மீன் ஒளி மாறுவதை ரகுநாதாசாரி கண்டார். அந்த மண்டலத்தில் அதுவே முதல் மாறொளி மீன் என்பதால் ஆர்கலாண்டரின் முறைப்படி ‘ஆர் ரெட்டிகுலி’ ஆனது. நவீன வானியலில் ஓர் இந்தியர் செய்த முதல் கண்டுபிடிப்பு என்று இதை வரலாற்றாய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து அந்த மீனைப் பார்ப்பது சுலபமல்ல. வானத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 63 பாகை தெற்கே இருக்கிறது அது. சென்னை 13 பாகை வடக்கே. கூட்டிக் கழித்துப் பார்த்தால், அது உச்சத்தில் வரும்போதுகூடத் தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும்பும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் புகையும் படியும் உயரம் அது. ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் சற்றுநேரம் அங்கே நிற்கும். பிரகாசமாக இருக்கும்போதே வெறும் கண்ணுக்குச் சற்று எட்டாதது. மங்கும்போது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மங்கிவிடும். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை இந்த ஏற்றஇறக்கம். முதுமை அடைந்து ஊதிப்போன சிவந்த மீன்கள் இப்படி விம்மித் தணிவது வழக்கம்.

ரகுநாதாசாரி அத்துடன் நிற்கவில்லை. கணக்கும் கண்ணால் காண்பதும் ஒத்துப்போகவேண்டும் என்று சொல்லித் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக வாதாடினார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கி இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். 1872-இல் லண்டனின் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1880-இல் மறைந்தார். அவர் வேலை செய்த கட்டடம் இன்று இல்லை. கல்லூரிச் சாலையில், வானிலை மைய வளாகத்துக்குள், ஆய்வகத்தின் கருங்கல் தூண் தமிழ் உட்பட்ட கல்வெட்டு வாசகங்களோடு நிற்கிறது.

*

எல்லைத் தகராறுக்கு முடிவுகட்டும் வேலை தெற்கிலிருந்துதான் தொடங்கியது. அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் வான்ஆய்வகம் நடத்திய அமெரிக்கர் பெஞ்சமின் கூல்ட், 1879-இல் ‘யுரானோமெட்ரியா அர்ஜென்டினா’ என்ற நூலை வெளியிட்டார். தெற்கு மண்டலங்களுக்கு அவர் பெரும்பாலும் நேர்க்கோட்டு எல்லைகளைப் போட்டார். பூமியில் அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல வானத்திலும் உண்டு. அந்தக் கோடுகளை ஒட்டியே எல்லை. உருவத்தின் முழங்காலைச் சுற்றி வளையவேண்டியதில்லை. ஆனால் வானத்துக் கோடுகளில் ஒரு தொல்லை. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதால் அந்தக் கோடுகள் ஆண்டுதோறும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முழுச்சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். அதனால் எந்த ஆண்டின் கோடு என்று சொல்லியாகவேண்டும். கூல்ட் 1875-ஐ எடுத்துக்கொண்டார்.

வடக்கு வானம் இன்னும் பழைய நெளிவுகளோடு கிடந்தது. 1919-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் உருவானது. 1922-இல் ரோமில் கூடிய அதன் முதல் பொதுக்கூட்டம் 88 மண்டலங்களின் பட்டியலை ஏற்று, ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் கொடுத்தது. லகாயின் 14-ம் பட்டியலில் தப்பின. பூனையும் பலூனும் ஓக் மரமும் காணாமல் போயின. அடுத்து எல்லை. பெல்ஜியத்தின் உக்கிள் வான்ஆய்வகத்தைச் சேர்ந்த யூஜின் டெல்போர்ட் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கூல்டின் முறையையும் கூல்டின் 1875-ஐயும் வடக்குக்கும் நீட்டித்தார். வானம் முழுக்க எல்லைகள் செங்கோணத்தில் திரும்பும் நேர்க்கோடுகளாயின.

மண்டலப் படத்தை முதல்முறை பார்ப்பவருக்கு அந்த எல்லைகள் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஓரிடத்தில் நேராகப் போகும் கோடு திடீரென்று ஒரு படி இறங்கி, சற்றுத் தூரம் ஓடி, மறுபடி ஏறும். காரணம் ஆர்கலாண்டரின் எழுத்துகள். பெயர் பெற்றுவிட்ட மாறொளி மீன்கள் எதுவும் மண்டலம் மாறிவிடக் கூடாது என்பது டெல்போர்ட்டுக்குப் போடப்பட்ட நிபந்தனை. ஒரு மீனை உள்ளே வைத்துக்கொள்ள ஒரு படி, இன்னொன்றை வெளியே விட ஒரு படி. 1928-இல் லெய்டனில் ஒன்றியம் ஒப்புக்கொண்டது; 1930-இல் நூலும் படநூலும் வந்தன. அன்றைக்கு முடிந்தது வானத்தின் புறம்போக்கு. மிகப் பெரியது ஹைட்ரா, 1,303 சதுர பாகை. மிகச் சிறியது தென்சிலுவை, 68. நம் ரெட்டிகுலம் 114 சதுர பாகையோடு கடைசி வரிசைகளில் நிற்கிறது. பாம்பு மண்டலம் மட்டும் இரண்டு துண்டு. பாம்பைப் பிடித்திருப்பவர் நடுவில் நிற்கிறார். அவர், ஒஃபியூகஸ், சூரியன் நடக்கும் பாதையிலும் ஒரு காலை வைத்திருக்கிறார். நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி தாண்டும்வரை சூரியன் இருப்பது அவர் எல்லைக்குள்தான். ராசிக் கட்டங்கள் வானத்தைச் சமமாகப் பன்னிரண்டாக வகுத்தவை. அவற்றோடு டெல்போர்ட்டின் எல்லைக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை.

நிலம் என்று ஆனபிறகு, அதில் குடியிருப்பவர்கள் உறவினர்களா என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலும் இல்லை. ஓரியனில் ஒரு தோளான பெலாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டுத் தொலைவில். காலான ரைகல் சுமார் 860-இல். நம் கண்ணுக்கு ஒரே பரப்பில் இருப்பவை உண்மையில் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றன. விதிவிலக்கு சப்தரிஷி. 1869-இல் ஆங்கிலேயரான ரிச்சர்ட் பிராக்டர், அந்த ஏழில் ஐந்து மீன்கள் ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்வதைக் கண்டுசொன்னார். அவை ஒன்றாகப் பிறந்தவை, சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை. இரு கோடியிலும் உள்ள இரண்டு மீன்கள் இன்னும் தள்ளி இருப்பவை. தம்பாட்டுக்கு வேறு திசையில் போகின்றன. அந்த ஏழு மீனும் ஒரு மண்டலம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருங்கரடி என்ற 1,280 சதுர பாகை நிலத்தில் முதுகும் வாலும் மட்டும் அவை.

எல்லைக்குள் ஆழம் என்று ஒன்றே கிடையாது. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் அதே மண்டலம்தான். 1987-இல் வெறும் கண்ணுக்கே தெரிந்த விண்மீன் வெடிப்பு டொராடோ மண்டலத்தில் நடந்தது என்று பதிவாகியிருக்கிறது. நடந்தது மெகல்லன் மேகத்தில், சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால். ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் உள்ள ஆண்ட்ரோமெடா பேரடை 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில். முகவரி திசையை மட்டும் சொல்லும்.

டெல்போர்ட்டின் எல்லைகள் 1875-இன் கோடுகளிலேயே நிற்கின்றன. வானத்துக் கோடுகள் அதற்குப்பின் நகர்ந்துவிட்டதால், இன்றைய படங்களில் அந்த எல்லைகள் லேசாகச் சாய்ந்து தெரிகின்றன. அதை யாரும் திருத்தப்போவதில்லை. திருத்தினால் பெயர்கள் குழம்பும். மீன்களோ எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் நகர்ந்துகொண்டிருக்கின்றன. கழுகு மண்டலத்தில் பேயர் ‘ரோ’ என்று எழுத்துப் போட்ட ஒரு மீன் எல்லைக் கோட்டுக்கு வெகு அருகில் இருந்தது. 1992-இல் அது கோட்டைத் தாண்டி டெல்ஃபினஸ் மண்டலத்துக்குள் போய்விட்டது. பட்டியல்களில் அது இன்னும் கழுகின் ரோதான்.

அடுத்த இதழில்: ஒரு மீன் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்பதற்கு 2.512 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்த நார்மன் போக்சன்.

(தொடரும்)